காலத்தின் கை என்ன செய்கிறது: மறுமலர்ச்சிக் கால உருவக ஓவியங்களை வாசிக்கும் முறை

15, 16-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய ஓவியங்களில் சிறகு முளைத்த ஒரு முதியவர் அடிக்கடி வருகிறார். தோளிலோ கையிலோ மணற்கடிகை இருக்கும். சில படங்களில் அரிவாளும் சிலவற்றில் ஊன்றுகோலும் இருக்கும். அவர்தான் காலம் என்று அருங்காட்சியகத்தின் விளக்கக் குறிப்பு ஒரு வரியில் சொல்லிவிடும்; பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு வரியோடு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். பெயரைத் தெரிந்துகொள்வது தேவைதான்; ஆனால் வாசிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எண்ணத்தில் மட்டுமே இருக்கும் காலத்தை ஓவியர் பலகையில் ஓர் உடலாக வரைகிறார். அந்த உடலுக்குக் கைகள் உண்டு. அந்தக் கைகள் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒரு படத்தில் அவை திரையை இழுக்கின்றன. இன்னொன்றில் ஒரு பெண்ணைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவருகின்றன. வேலை மாறினால் ஓவியத்தின் பொருளும் மாறிவிடும். ஆகவே இத்தகைய ஓவியத்தின் முன் நிற்கும்போது, இவர் யார் என்ற கேள்வியை விரைவில் முடித்துக்கொண்டு, இவர் என்ன செய்கிறார், யாருக்காகச் செய்கிறார், யார் அவரைத் தடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் சிறிது ஆயத்தம் தேவை. லண்டனின் நேஷனல் கேலரி உள்ளிட்ட பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் ஓவியங்களை மிக நுணுக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒரு விரல் நகம் திரை முழுவதும் நிறையும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். படத்தைத் திறந்ததும் பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் படிக்காமல், ஒரு தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். ஒவ்வோர் உருவத்துக்கும் வயது, உடை, கையில் உள்ள பொருள், பார்வை செல்லும் திசை, தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘காதல் தெய்வம் வீனஸ்’ என்று எழுதாமல் ‘ஆடையற்ற பெண், ஒரு கையில் பொன் ஆப்பிள், மறு கையில் அம்பு’ என்று எழுதுங்கள். பெயர் சூட்டியவுடன் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. தலைப்பையும் நம்பிவிட வேண்டாம். இந்த ஓவியங்களில் பலவற்றுக்கு இன்று வழங்கும் தலைப்பு ஓவியர் வைத்ததல்ல. பிற்காலத்தவர் தாங்கள் கண்ட பொருளையே தலைப்பாக்கியிருக்கிறார்கள்.

முதியவர் எங்கிருந்து வந்தார்

பழைய கிரேக்க, ரோமானியக் கலையில் மணற்கடிகை ஏந்திய சிறகுள்ள முதியவர் கிடையாது. அவர் பல இடங்களிலிருந்து சேர்த்து உருவாக்கப்பட்டவர். கிரேக்கர்களிடம் குரோனோஸ் என்ற பெயர் காலத்துக்கு இருந்தது. ஏறக்குறைய அதே ஒலிப்பில், தன் தந்தையை அரிவாளால் வெட்டித் தன் பிள்ளைகளையே விழுங்கிய ஒரு கடவுளும் இருந்தார். பழங்காலத்திலேயே புளூட்டார்க் போன்றோர் இருவரையும் ஒன்றாகப் பேசியிருக்கிறார்கள். அந்தக் கடவுளை ரோமானியர் சாட்டர்ன் என்றனர். அவர் உழவுக்கும் உரியவர் என்பதால் அரிவாள் அவர் கையில் இயல்பாகவே பொருந்தியது. சோதிட நூல்களில் சாட்டர்ன் சனிக் கோள். மெதுவாக நகர்வது, குளிர்ந்தது, முதுமைக்கும் வறுமைக்கும் உரியது. ஊன்றுகோலும் தளர்ந்த உடலும் அங்கிருந்து வந்தன. மணற்கடிகையோ இடைக்காலத்தின் பிற்பகுதியில் வந்த கருவி. சியெனா நகர மன்றத்தில் அம்ப்ரோஜோ லொரென்செத்தி தீட்டிய நல்லாட்சிச் சுவரோவியத்தில் ‘நிதானம்’ என்னும் பெண் அதைக் கையில் பிடித்திருப்பது அக்கருவியின் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று. கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சேர்க்கையைப் படிப்படியாகக் காட்டியது.

இந்த உறுப்புகளெல்லாம் ஒன்றுசேர்ந்த இடம் என்று சொல்லத்தக்கது இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் ‘வெற்றி உலாக்கள்’ என்னும் நெடுங்கவிதைக்கு வரைந்த படங்கள்தாம். அக்கவிதையில் காதலைக் கற்பு வெல்கிறது. கற்பைச் சாவு வெல்கிறது. சாவைப் புகழ் வெல்கிறது. புகழைக் காலம் வெல்கிறது. காலத்தை நித்தியம் வெல்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் ஃபிளாரன்ஸில் திருமணப் பெட்டிகளிலும் மகப்பேற்றுத் தட்டுகளிலும் இந்த உலாக்களை வரைவது பெருவழக்காக இருந்தது. பெசெல்லீனோ 1450 அளவில் வரைந்த இரண்டு பலகைகள் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் உள்ளன; ஒவ்வொன்றிலும் மூன்று உலாக்கள். காலத்தின் தேரைப் பெரும்பாலும் மான்கள் இழுக்கும். ஓட்டத்தின் வேகத்துக்கு அவை அடையாளம். இங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரார்க்கின் கவிதையில் ஊன்றுகோல் முதியவர் இல்லை; விரைந்தோடும் சூரியன்தான் அங்கே காலத்தின் ஓட்டத்தைக் காட்டுகிறது. தேரைக்கூட அவர் காதலுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறார். மற்றவையெல்லாம் ஓவியர்களின் சேர்க்கை. ஒரு படத்துக்கு மூலநூல் இருக்கிறது என்று தெரிந்தவுடன் நூலைக் கொண்டு படத்தை அளக்கத் தொடங்கிவிடுகிறோம். படம் நூலிலிருந்து விலகும் இடத்தைத் தேடுவதே அதைவிடப் பயன் தரும்.

திரையை இழுக்கும் கை

இனி ஒரே ஓவியத்தில் நெடுநேரம் நிற்போம். அக்னோலோ புரொன்சீனோ 1545 அளவில் வரைந்த ‘வீனஸும் கியூபிடும் உள்ள உருவகம்’ லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 146 செ.மீ. உயரமும் 116 செ.மீ. அகலமும் உள்ள பலகையில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்டது. ஃபிளாரன்ஸை ஆண்ட கோசிமோ த மெடிச்சியின் அரசவையிலிருந்து பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிஸுக்கு அனுப்பப்பட்ட ஓவியம் இதுவே என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து.

நடுவில் வீனஸும் அவள் மகன் கியூபிடும் தாய் மகனுக்குத் தகாத முறையில் தழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவள் மகனின் அம்பைக் கையில் எடுத்துவிட்டாள். அவன் கை அவள் தலை அணியைத் தொடுகிறது. ஆளுக்கு ஆள் ஏமாற்றிக்கொண்டிருக்கும் தழுவல் அது. வலப்புறம் ஒரு சிறுவன் சிரித்தபடி ரோஜாப் பூக்களை எறியப் போகிறான். அவன் பாதத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முள் ஒன்று உள்ளே ஏறியிருக்கிறது, முகத்தில் வலியின் சுவடே இல்லை. அவனுக்குப் பின்னால் அழகிய முகமுடைய ஒரு பெண் தேனடையை நீட்டுகிறாள். பச்சை ஆடைக்குக் கீழே அவள் உடல் செதில்களாகவும் விலங்கின் கால்களாகவும் முடிகிறது. வாலின் கொடுக்கு அவளுடைய மறு கையில். அவள் கைகளை மட்டும் தனியே பாருங்கள்: இடது கரத்தில் வலக்கையும் வலது கரத்தில் இடக்கையும் மாறிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. இடப்புறத்தில் ஓர் உருவம் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு அலறுகிறது. அதைப் பொறாமை என்பாருண்டு. அக்காலத்தில் ஐரோப்பாவை வாட்டிய மேகநோயின் உருவம் என்பாரும் உண்டு.

இப்போது படத்தின் மேற்பகுதிக்கு வாருங்கள். வலப்புறத்திலிருந்து நரைத்த, வழுக்கைத் தலை முதியவர் தன் முழுக் கையையும் படத்தின் குறுக்கே நீட்டி நீலத் திரையைப் பற்றியிருக்கிறார். தோளுக்குப் பின்னால் மணற்கடிகையும் சிறகும் தெரிகின்றன. எதிர்முனையில் ஒரு பெண்முகம். அவளும் அதே திரையைப் பிடித்திருக்கிறாள். அவள் தலையை உற்றுப் பார்த்தால் பின்மண்டை இல்லை என்பது தெரியும். முகமூடியைப் போல உள்ளே வெறுமையாக இருக்கிறது. இந்த இரண்டு கைகளுக்கும் இடையே இருக்கும் திரைதான் ஓவியத்தின் பொருளைத் தீர்மானிக்கிறது. முதியவர் திரையை விலக்குகிறார், அவளும் உதவுகிறாள் என்று கொண்டால், அவள் உண்மை. மறைவில் நடந்த காமக் களியாட்டத்தைக் காலமும் உண்மையும் சேர்ந்து வெளிப்படுத்துகின்றன. பனோஃப்ஸ்கி அவ்வாறே வாசித்தார். அவள் திரையைப் போர்த்தப் பார்க்கிறாள், முதியவர் அதைத் தடுக்கிறார் என்று கொண்டால் அவள் மறதி. நினைவு தங்க வேண்டிய பின்மண்டை இல்லாதது அதற்குப் பொருந்துகிறது. எனக்கு இரண்டாவது வாசிப்பே சரியாகப் படுகிறது. முதியவரின் கை தசைநாண்கள் புடைக்க இறுகியிருக்கிறது. அவர் முகமும் கடுமையாகவே அவளை நோக்குகிறது. உதவ வந்தவளிடம் யாரும் இப்படி நடந்துகொள்வதில்லை.

ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய ஓவியர் வசாரி, பிரான்சுக்குப் போன அந்த ஓவியத்தைப் பற்றி 1568-ல் எழுதும்போது வீனஸ், கியூபிட், இன்பம், விளையாட்டு, வஞ்சகம், பொறாமை ஆகியோரைக் குறிப்பிடுகிறார். காலத்தைப் பற்றியோ உண்மையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. புரொன்சீனோவை நேரில் அறிந்தவர் எழுதிய குறிப்பே இப்படி இருப்பதால் ஒரே விடையை வற்புறுத்த முடியாது. இது அரசவைக்காக வரைந்த படம். பார்ப்பவர்கள் கூடி நின்று வாதிட வேண்டும் என்பதற்காகவே புதிராக அமைக்கப்பட்டது என்று கருத இடமுண்டு. ஆகவே உங்கள் தாளில் இரண்டு வாசிப்புகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் படத்திலிருந்தே சான்று காட்டுங்கள். சான்று காட்ட முடியாத வாசிப்பை, எவ்வளவு பெரிய அறிஞர் சொல்லியிருந்தாலும், கோடிட்டு அடித்துவிடுங்கள்.

மகளை மீட்கும் தந்தை

உண்மை காலத்தின் மகள் என்ற பழமொழி ரோமானியரிடமிருந்து வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ஆவ்லுஸ் கெல்லியுஸ் இதை ஒரு பழங்கவிஞர் சொன்னதாக எழுதிவிட்டு, அக்கவிஞரின் பெயர் தன் நினைவில் இல்லை என்கிறார். மறுமலர்ச்சிக் காலத்தில் இந்தத் தந்தையும் மகளும் ஓவியங்களில் மட்டுமின்றி அரசியலிலும் வேலை செய்தார்கள். கத்தோலிக்க மதத்தை மீட்ட இங்கிலாந்து அரசி முதலாம் மேரி இப்பழமொழியைத் தன் நாணயத்தில் பொறித்தார். 1559 ஜனவரியில் அவருடைய தங்கை, புராட்டஸ்டன்ட் சார்புடைய எலிசபெத், முடிசூட்டுக்கு முந்திய நாள் லண்டனில் ஊர்வலம் வந்தபோது, வழியில் அமைத்த ஒரு காட்சியில் காலமாக வேடமிட்டவர் தன் மகள் உண்மையை வெளியே அழைத்துவர, அவள் ஆங்கில பைபிளை எலிசபெத்துக்குக் கொடுத்தாள். அதே தந்தை, அதே மகள். கட்சி மட்டும் எதிர்க்கட்சி. உருவகத்தின் பொருளை அகராதியில் மட்டும் தேடினால் போதாது, பணம் கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஓவியத்தில் இந்தக் கதையைப் பார்க்க அன்னிபாலே கராச்சி 1584–85 அளவில் வரைந்த ‘உண்மையும் காலமும்’ நல்ல தொடக்கம். இங்கிலாந்து அரச குடும்பத்தின் தொகுப்பில் இருக்கிறது. சிறகுள்ள முதியவர் உண்மையைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவந்திருக்கிறார். அவள் கையில் கண்ணாடி, உடலைச் சுற்றி ஒளி, காலடியில் பல விலங்குகளின் உறுப்புகள் கலந்த வஞ்சகம் மிதிபடுகிறது. இரண்டு பக்கமும் மகிழ்ச்சியும் நல்ல முடிவும் நிற்கின்றன. புரொன்சீனோவில் இருந்த இழுபறி இங்கே இல்லை, வேலை முடிந்துவிட்டது.

காலத்தின் உருவமே இல்லாத இடத்திலும் இதே கதை நடக்கலாம். ஃபிளாரன்ஸின் உஃபிஸியில் உள்ள போட்டிசெல்லியின் ‘அப்பெலஸின் அவதூறு’ 1494–95 அளவைச் சேர்ந்தது. தொலைந்துபோன ஒரு கிரேக்க ஓவியத்தைப் பற்றி லூசியன் எழுதிய வர்ணனையைக் கொண்டு அமைக்கப்பட்டது. வலது ஓரத்தில் கழுதைக் காதுகளோடு அரசன் அமர்ந்திருக்க, அவன் காதுகளில் அறியாமையும் ஐயமும் ஓதுகின்றன. அவதூறு ஓர் இளைஞனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவருகிறாள். எல்லாருக்கும் பின்னால் கறுப்பு உடையில் ஒரு கிழவி, மனவருத்தம், திரும்பிப் பார்க்கிறாள். அவள் பார்க்கும் இடத்தில், இடது ஓரத்தில், ஆடையற்ற உண்மை விரலை மேலே நீட்டி நிற்கிறாள். உருவங்களை அரசனிடமிருந்து தொடங்கி வலமிருந்து இடமாக வரிசையாக எண்ணிப் பாருங்கள். உண்மை கடைசியில் வருகிறாள், அவளை அரசன் பார்க்கவில்லை. காலம் இங்கே ஒரு பாத்திரமாக வராமல் வரிசையாக வருகிறது.

உருவமின்றி வரும் காலம்

இதற்கு அடுத்த படி, முதியவரே இல்லாத படங்களில் காலத்தைக் கண்டுபிடிப்பது. வெனிஸின் அக்காதெமியா காட்சியகத்தில் உள்ள ஜியோர்ஜோனேயின் ‘கிழவி’ தன் மார்பைத் தொட்டுக் காட்டுகிறாள். கையில் உள்ள தாள்துண்டில் ‘காலத்தோடு’ என்று பொருள்படும் இத்தாலியச் சொற்கள் மட்டும் எழுதியிருக்கின்றன. வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

டிஷியனின் ‘விவேகத்தின் உருவகம்’, நேஷனல் கேலரியில் இருப்பது, கூடுதல் உழைப்பைக் கேட்கும். 1550-க்கும் 1565-க்கும் இடைப்பட்ட ஓவியம். மூன்று மனிதத் தலைகள்: இடப்பக்கம் பார்க்கும் முதியவர், நேரே பார்க்கும் நடுவயதினர், வலப்பக்கம் பார்க்கும் இளைஞர். அவற்றின் கீழே ஓநாய், சிங்கம், நாய். மங்கிய இலத்தீன் எழுத்துகள் தலைகளுக்கு மேலே மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். முதியவரின் மேல் ‘கடந்ததிலிருந்து’ என்றும், நடுவயதினர் மேல் ‘நிகழ்காலம் விவேகத்தோடு செயல்படுகிறது’ என்றும், இளைஞர் மேல் ‘எதிர்காலச் செயலைக் கெடுத்துவிடாதபடி’ என்றும் பொருள்படும் வாசகம் அது. வாக்கியத்தை வாசிக்கக் கண் முதியவரிலிருந்து இளைஞருக்குப் போக வேண்டும். வாசிப்பின் திசையே காலத்தின் திசையாக அமைந்திருக்கிறது. விலங்குகளுக்கு மூலம் ஐந்தாம் நூற்றாண்டின் மாக்ரோபியுஸ்: அலெக்சாந்திரியாவில் செராபிஸ் கடவுளோடு இருந்த மும்முக விலங்கைப் பற்றி எழுதிய அவர், நினைவுகளைக் கவ்விக்கொண்டு போவதால் ஓநாய் கடந்த காலம், வலிமையால் சிங்கம் நிகழ்காலம், குழைந்து நம்பிக்கை காட்டுவதால் நாய் எதிர்காலம் என்கிறார். ஒளியையும் கவனியுங்கள். முதியவர் இருளில் கரைகிறார். இளைஞரின் மேல் வெளிச்சம் விழுகிறது. முதியவரின் முகம் டிஷியனுடையது, நடுவில் அவர் மகன் ஒராசியோ, இளைஞர் உறவினர் மார்கோ என்பது புகழ்பெற்ற கருத்து. ஆனால் அது இன்று ஐயத்துக்குரியதாகவே பேசப்படுகிறது. முகங்களின் பெயர் தெரியாமலே படம் முழுமையாக நிற்கிறது.

ஹோல்பைனின் ‘தூதர்கள்’, 1533, வேறு வகை. மேசையின் மேல் தட்டில் சூரியக் கடிகாரங்களும் வானியல் கருவிகளும், நிற்பவர்களின் வயது 29, 25 என்று குத்துவாளின் உறையிலும் புத்தகத்தின் விளிம்பிலும் குறிப்புகள், கீழே நீண்டு சிதைந்த ஒரு வடிவம். அந்த வடிவத்தை நேரே நின்று வாசிக்க முடியாது. வலது ஓரத்தில் சுவரை ஒட்டி நின்று பார்த்தால் மண்டையோடு தெரியும்; அந்த இடத்திலிருந்து தூதர்கள் சரியாகத் தெரிய மாட்டார்கள். கணினித் திரையிலும் கண்ணை வலது விளிம்புக்கு அருகில் கொண்டுபோய் இதைச் செய்து பார்க்கலாம்.

காலம் சில படங்களில் ஒரு நொடியாகவும் வரும். அதற்கு வாய்ப்பு என்று பெயர்: உருண்டையின் மேல் நிற்கும் பெண், முகத்தின் மேல் விழும் முன்முடி, பின்னந்தலையில் பிடிக்க முடி கிடையாது. மான்டுவாவில் மான்டேனாவின் வட்டத்தைச் சேர்ந்த ஒரு சுவரோவியத்தில் ஓர் இளைஞன் அவளை நோக்கிப் பாய, சதுரப் பீடத்தில் நிற்கும் இன்னொரு பெண் அவனைத் தடுத்துப் பிடிக்கிறாள். உருண்டை நிலையில்லாமை, சதுரம் நிலைபேறு. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் பல படங்கள் எளிதாகும்.

சுழலும் காலம்

இதுவரை பார்த்தவை ஒரு திசையில் செல்லும் காலம். ஃபெராரா நகரின் ஸ்கிஃபனோயா அரண்மனையில், அந்நகரை ஆண்ட போர்சோ த எஸ்தேக்காக 1469–70 அளவில் தீட்டிய மாதங்களின் மண்டபத்தில் காலம் சுழல்கிறது. பன்னிரண்டு மாதங்களில் ஏழு மட்டுமே நன்றாக எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் மூன்று அடுக்கு: மேலே ஒரு கடவுளின் தேர், நடுவில் ராசியும் மூன்று விந்தையான உருவங்களும், கீழே போர்சோவின் அன்றாட அரசாட்சி. கீழிருந்து மேலாக வாசித்தால், ஓர் ஆட்சியாளரின் நாள்கள் வானத்தின் ஒழுங்கில் பொருத்தப்படுவது தெரியும். ஆட்சிக்கு அதைவிடப் பெரிய புகழுரை இல்லை. மார்ச், ஏப்ரல், மே மாதங்களை வரைந்த பிரான்செஸ்கோ தெல் கோசா, 1470 மார்ச்சில் போர்சோவுக்கு எழுதிய கடிதத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று சாதாரண ஓவியர்களுக்குரிய கூலியே தனக்கும் தரப்படுவதாக வருந்தியிருக்கிறார்.

நடு அடுக்கின் விந்தை உருவங்கள் யார் என்பது பல காலம் விளங்கவில்லை. 1912-ல் ரோமில் ஆற்றிய உரையில் கலை வரலாற்றாசிரியர் அபி வார்பர்க் அதை விடுவித்தார். அவை ராசியைப் பத்துப் பத்துப் பாகையாகப் பிரிக்கும் திரேக்காணங்களின் அதிபதிகள்; தமிழ்ச் சோதிடம் அறிந்தவர்களுக்குப் பழக்கமான அதே பிரிவு. மேஷத்தின் முதல் திரேக்காணத்தில் கறுத்த மேனியும் சிவந்த கண்ணும் வெள்ளை ஆடையும் இடுப்பில் கயிறும் கொண்ட சினமுள்ள ஒருவர் நிற்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அபூ மஷர் இந்த உருவத்தை இந்தியர்கள் சொல்வதாகவே எழுதுகிறார். வராகமிகிரரின் நூலில் அதற்கு நெருங்கிய வர்ணனை இருக்கிறது. கிரேக்கத்திலிருந்து இந்தியாவுக்கு வந்து, அங்கே உருமாறி, அரபு நூல்கள் வழியாக மேற்கே திரும்பி, ஓர் இத்தாலிய அரண்மனைச் சுவரில் அந்த உருவம் நிற்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த மண்டபத்தில் பிற வாசகரைவிட ஒரு படி முன்னே நிற்கும் வாய்ப்பு உண்டு. ராசிகளையும் திரேக்காணங்களையும் அறிந்தவர் நடு அடுக்கிலிருந்தே தொடங்கலாம்.

வரலாற்று ஓவியத்துக்கு மூன்று ஆண்டுகள்

வரலாற்று நிகழ்ச்சியைக் காட்டும் ஓவியத்தை வாசிக்க மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிகழ்ச்சி நடந்த ஆண்டு, அதை எழுதிய நூலின் ஆண்டு, ஓவியம் தீட்டிய ஆண்டு. மூன்றுக்கும் இடையிலான விலகல்களில்தான் உருவகம் ஒளிந்திருக்கும்.

வாட்டிகனில் ரஃபேலின் ‘லியோவும் அட்டிலாவும்’ 1514-ல் முடிந்தது. 452-ல் ஹூணர் தலைவன் அட்டிலாவைப் போப் முதலாம் லியோ எதிர்கொண்டு திருப்பி அனுப்பியது வட இத்தாலியில், மின்சியோ ஆற்றின் பக்கம். ஓவியத்தில் பின்னணியாகக் கொலோசியம் நிற்கிறது. ரோமின் வாயிலிலேயே பகைவன் தடுக்கப்படுகிறான். வானத்தில் பேதுருவும் பவுலும் வாளோடு இறங்குகிறார்கள். லியோவின் முகமோ 1513-ல் பதவிக்கு வந்த பத்தாம் லியோவின் முகம். அதே மனிதர் பரிவாரத்தில் கர்தினாலாகவும் இருக்கிறார். அவர் கர்தினாலாக இருந்தபோது படத்தில் இடம்பெற்றார், முந்திய போப் இரண்டாம் ஜூலியஸ் இறந்தபின் போப்பின் இடத்திலும் அவர் முகமே வந்தது. பிரெஞ்சுப் படைகள் இத்தாலியிலிருந்து விரட்டப்பட்ட ஆண்டுகள் அவை. 452-ஐ வரைந்து 1514-ஐப் பேசும் ஓவியம் இது. இடம் மாறியதும் முகம் மாறியதும் அதற்கான சான்றுகள்.

மியூனிக்கின் ஆல்ட்டே பினாக்கொத்தேக்கில் உள்ள ஆல்ட்டோர்ஃபரின் ‘அலெக்சாந்தர் போர்’ இதைவிடப் பெரிய புதிர். கி.மு. 333-ல் நடந்த இஸ்ஸஸ் போர்; வீரர்களோ 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கவசத்திலும் தலைப்பாகையிலும். வானத்தில் ஒரு பக்கம் பிறை, மறு பக்கம் சூரியன். தொலைவில் மத்தியதரைக் கடலும் நைல் ஆற்றின் கழிமுகமும். கொடிகளில் படைகளின், மடிந்தவர்களின் எண்ணிக்கை எழுதியிருக்கிறது. போர் நடந்த ஆண்டு மட்டும் இல்லை. அந்த இல்லாமையை வரலாற்றாசிரியர் ராய்ன்ஹார்ட் கொசெலெக் கூர்ந்து கவனித்தார்: ஓவியருக்குப் பாரசீகரும் துருக்கியரும் ஒரே நாடகத்தின் இரு காட்சிகள், ஆண்டு தேவைப்படவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓவியம் 1529-ஐச் சேர்ந்தது, துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டதும் 1529 என்பதால் முற்றுகையையே வரைந்தார் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆல்ட்டோர்ஃபர் பவேரிய டியூக் நான்காம் வில்ஹெல்முக்கான இந்த வேலையின் பொருட்டு ரீகன்ஸ்பர்க் நகரத் தலைவர் பதவியை ஏற்க மறுத்தது 1528-லேயே. முற்றுகை தொடங்கியதோ அடுத்த ஆண்டு செப்டம்பரில். துருக்கியர் பற்றிய அச்சம் 1526-ல் ஹங்கேரி வீழ்ந்ததிலிருந்தே இருந்தது. அந்த அச்சத்தை ஓவியத்தில் காண்பது நியாயம், முற்றுகையைக் காண்பது ஆண்டுக் கணக்குக்கு ஒவ்வாது.

கையேடுகளை எப்போது திறப்பது

உருவகங்களுக்கு விளக்கம் தேடுபவர்கள் முதலில் எடுப்பது சேசரே ரீப்பாவின் ‘இக்கோனோலோஜியா’ என்னும் உருவகக் கையேடு. அதில் வரலாறு சிறகுள்ள பெண், வெள்ளை உடை, பின்னோக்கிப் பார்த்தபடியே எழுதுகிறாள், ஒரு கால் சதுரக் கல்லின் மேல், அவள் எழுதும் ஏட்டைச் சாட்டர்ன் தன் முதுகில் தாங்குகிறார். அருமையான அமைப்பு. ஆனால் நூல் வந்தது 1593-ல், படங்களோடு வந்தது 1603-ல். இதைக் கொண்டு புரொன்சீனோவையோ போட்டிசெல்லியையோ விளக்க முனைவது தவறான வழி. ரீப்பா அத்தகைய படங்களைப் பார்த்தே தொகுத்திருக்கலாம். 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்களுக்கு அவரைத் தாராளமாகத் திறக்கலாம்.

அதற்கு முந்திய ஓவியங்களில் வசாரி ஒரு நல்வாய்ப்பு. ஃபிளாரன்ஸின் பலாசோ வெக்கியோவில் சாட்டர்ன் தந்தையை அரிவாளால் வெட்டும் காட்சி உட்பட அவர் குழுவினர் தீட்டிய விதானங்களை, இளவரசர் பிரான்செஸ்கோவுக்கு அவரே சுற்றிக்காட்டுவது போன்ற உரையாடலாக எழுதியிருக்கிறார். அவர் இறந்தபின் 1588-ல் அது அச்சானது. வரைந்தவரே பேசும் இடம் கிடைத்தால் அங்கேதான் தொடங்க வேண்டும்; ஆனால் அவர் எதிரே நின்று கேட்பவர் அரசரின் மகன் என்பதையும் மறக்கக் கூடாது.

பழகுவதற்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் கராச்சி, ஏனெனில் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. அடுத்து டிஷியன், எழுத்தும் உருவமும் ஒன்றையொன்று சரிபார்க்கும். பிறகு ரஃபேல், ஆண்டுகளைக் கணக்கிடும் பழக்கத்துக்கு. புரொன்சீனோவை அதன் பிறகே எடுங்கள். முன்கூட்டியே எடுத்தால் பிறர் சொன்ன விளக்கத்துக்குள் சிக்கிக்கொள்வீர்கள். ஸ்கிஃபனோயா மண்டபத்துக்கு ஒரே அமர்வு போதாது. அங்கே மார்ச் மாதத்தை மட்டும் எடுத்து, மூன்று அடுக்கையும் தனித்தனியே எழுதி முடித்த பிறகே ஏப்ரலுக்குச் செல்லுங்கள்.